மாத்திரை கொடுத்தாயிற்று, பரிசோதனை எதற்கு?

கேள்வி: எங்கள் தெருவில் ஏழு பேருக்கு வயிற்றுப்போக்கு. சுகாதார ஆய்வாளர் மலமும் குழாய்த் தண்ணீரும் எடுத்துப் போனார். சிகிச்சைதான் தொடங்கியாயிற்றே, இனி எதற்கு?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அது எட்டாவது ஆளுக்காக அம்மா. முப்பது வருடம் பொது சுகாதார ஆய்வகத்தில் இருந்தவள் நான். காலரா சந்தேகம் என்றால் மலத்தைக் கிருமி பெருகுவதற்காகக் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீர் என்ற சத்து நீரில் சில மணி நேரம் வைத்து, பிறகு காலராக் கிருமியை வளர்த்துக் காட்டும் பச்சை நிற டிசிபிஎஸ் தட்டில் இழுப்போம். மறுநாள் காலை, காலராவாக இருக்கலாம் என்று காட்டும் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது. 1992-இல் சென்னையில் பரவிய கிருமி, வழக்கமான காலரா வகையை அடையாளம் காட்டும் ஓ1 சீரத்தில் கலந்தபோது கட்டியாகத் திரளவே இல்லை. காலராவேதான், ஆனால் புது வகை. ஓ139 என்று பெயரிட்டார்கள். வளர்த்துப் பார்க்காவிட்டால் அது தெரிந்தே இருக்காது.

தண்ணீர் பிடிக்கத் தரும் பாட்டிலைத் தயவுசெய்து கழுவாதீர்கள். குளோரினை முறிக்க உள்ளே சோடியம் தயோசல்பேட் இருக்கும். அது போய்விட்டால் வழியிலேயே கிருமி செத்து, கெட்ட தண்ணீரும் நல்லதாகத் தெரியும். ஒருமுறை ஓர் ஊரிலிருந்து பளபளவென்று கழுவிய பாட்டில்களே வந்தன. அத்தனையையும் திருப்பி அனுப்பினேன்.

மலத்தை, முடிந்தால், ஆன்டிபயாடிக் விழுங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். மட்டும் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது.