சுவருக்குக் காவல் இருக்கிறது, குடியிருப்பவருக்கு?

கேள்வி: மலேசியா, பினாங்குத் தீவு ஜார்ஜ்டவுனில் குயின் ஸ்திரீட் பக்கம், ஒரு கடைவீட்டு மாடியில் மூன்று தலைமுறையாக வாடகைக்கு இருக்கிறோம். ஒப்பந்தம் ஏதும் எழுதவில்லை. மாதாமாதம் வாடகை, ரசீது, அவ்வளவுதான். போன வருஷம் வீடு கைமாறியது. புது உரிமையாளரும் வாடகை வாங்கிக்கொண்டுதான் இருந்தார். இப்போது ஹோட்டல் வைக்கப்போகிறாராம். ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்கிறார், இல்லாவிட்டால் பூட்டை மாற்றிவிடுவாராம். இது உலகப் பாரம்பரியப் பகுதியாயிற்றே, எங்களைக் கிளப்ப முடியுமா?

பதில்: முடியும் அம்மா. ஆனால் அவர் மிரட்டுகிற மாதிரி முடியாது.

2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் உங்கள் வீட்டுக் கூரை ஓடுகளையோ, மரப்படியையோ, அஞ்சடித் (வீட்டு முன் நடைபாதைத்) தூணையோ அவர் இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. மாநகர் மன்ற அனுமதி வேண்டும். அது கட்டடத்துக்கான காவல். உங்கள் தாத்தாவைக் காப்பாற்றியது வேறு: 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1997-இல் அதை ரத்து செய்தார்கள். 1999 முடிவோடு அந்தக் குடை மடங்கிவிட்டது. அப்போதே பல குடும்பங்கள் தீவின் மையத்தை விட்டுக் கிளம்பின.

சரி, மிச்சம் என்ன? 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) பிரிவு 7(2). வாடகைக்காலம் முடிந்தும் நீங்கள் வெளியேறாவிட்டால், உரிமையாளர் கோர்ட்டுக்குப் போய்த்தான் வீட்டை மீட்க வேண்டும். பூட்டை மாற்றுவது, தண்ணீரை வெட்டுவது, சாமானை அஞ்சடியில் வைப்பது எதுவும் செல்லாது. செய்தால் போட்டோ எடுத்து, அன்றே போலீஸ் ரிப்போர்ட் போட்டு, வழக்கறிஞரைப் பாருங்கள்.

நோட்டீஸை இன்னொரு தடவை படியுங்கள். புது உரிமையாளர் வாடகை வாங்கியதால் நீங்கள் அவருக்கும் மாத வாடகைதாரர்தான். அப்படியானால் முழு ஒரு மாத அவகாசம், அதுவும் வாடகை மாதம் முடிகிற நாளில் முடிய வேண்டும். தேதி இடித்தால் வாதாட இடமுண்டு.

வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். வாங்க மறுத்தால் வங்கியில் போட்டுச் சீட்டை வைத்திருங்கள். ஒன்றை மறைக்க விரும்பவில்லை: செல்லத்தக்க நோட்டீஸ் முடிந்தபின் உட்கார்ந்திருந்தால், 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் பிரிவு 28(4)-இன்படி அவர் இரட்டை வாடகை கேட்கலாம். அதனால் கடைசிவரை மல்லுக்கட்டச் சொல்ல மாட்டேன். அவருக்கு வழக்கு என்றால் காலதாமதம். ஹோட்டல் வேலை நிற்கும். வீடு மாறும் செலவும் சில மாத அவகாசமும் கேட்டுப் பேரம் பேச இதுதான் நேரம். பேசி முடித்ததை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், அந்தப் பழைய ரசீதுக் கட்டை ஜெராக்ஸ் எடுத்து, அசலை அந்த மாடியில் வைக்காமல் உறவினர் வீட்டில் வையுங்கள்.