நடுக்கம் நோயல்ல, இரவல் மாத்திரைதான் ஆபத்து

கேள்வி: எனக்கு வயது 36. நாகர்கோவில் அருகே பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சிறு வயது முதல் எங்கள் சபையின் பாடகர் குழுவில் பாடுகிறேன். நான்கு மாதங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனையில் முன்னின்று பாடல்களை நடத்தும் பொறுப்பை ஆயர் எனக்குக் கொடுத்தார். அன்று முதல் மைக் முன்னால் நின்றாலே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வாய் உலர்ந்து, தொண்டையில் உருண்டை அடைத்ததுபோல் ஆகிக் குரல் உடைகிறது. மற்ற நேரங்களில், மாடிப்படி ஏறினாலும், ஒன்றும் இல்லை. இசிஜியும் தைராய்டு பரிசோதனையும் சரியாக உள்ளன. ஆனால் இணையத்தில் தேடினால் இதயக் கோளாறு, தொண்டைப் புற்றுநோய், நரம்புத் தளர்ச்சி என்றெல்லாம் வருகிறது. ஒற்றைத் தலைவலிக்காக என் நாத்தனார் சாப்பிடும் புரோப்ரானலால் 40 மி.கி. மாத்திரை பாடகர்களின் நடுக்கத்தைப் போக்கும் என்று ஒரு காணொளியில் கேட்டு, மூன்று ஞாயிறுகள் ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டுக்கொண்டேன். நடுக்கம் குறைந்தது. மூன்றாம் வாரம் வீடு திரும்பியதும் நெஞ்சு இறுகி, மூச்சு விடும்போது விசில் போன்ற சத்தம் வந்தது. சளி என்று ஆவி பிடித்தேன். பள்ளி நாள்களில் எனக்கு இளைப்பு (ஆஸ்துமா) இருந்தது. பத்து ஆண்டுகளாக இன்ஹேலரைத் தொடவில்லை. எவ்வளவு ஜெபித்தும் பயம் போகாததால், என் விசுவாசமே பொய்யோ என்று மனம் வாடுகிறது.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் உங்களை எழுத வைத்திருக்கிறது என்பது புரிகிறது, அதற்கு வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால், சளி என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட ஒரு வரி இருக்கிறது. மூச்சு விடும்போது விசில் சத்தம் வந்ததாக எழுதியிருக்கிறீர்களே, கடிதம் முழுவதிலும் என்னைக் கவலைப்பட வைத்தது அது ஒன்றுதான். அந்த மாத்திரையை இனி ஒரு முறைகூடப் போடாதீர்கள். வரும் ஞாயிறு முக்கியமான ஆராதனையாக இருந்தாலும், பாதி மாத்திரைதானே என்று தோன்றினாலும், வேண்டாம். வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை மட்டுமே போட்டிருப்பதால், உடனே விட்டுவிடுவதில் உங்களுக்கு எந்தத் தீங்கும் இல்லை.

காரணத்தைச் சொல்கிறேன். அச்சம் வரும்போது நம் உடலில் சுரக்கும் அட்ரினலின், இதயத்தில் உள்ள ஏற்பிகளில், அதாவது அது வந்து பொருந்துவதற்கென்றே செல்களில் உள்ள இடங்களில், ஒட்டிக்கொண்டு இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது. அதே அட்ரினலின் மூச்சுக் குழல்களில் உள்ள அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, குழல்களைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திக் காற்றுப் பாதையை விரித்துக் கொடுக்கிறது. புரோப்ரானலால் இந்த இரண்டு இடங்களையும் பிரித்துப் பார்க்காமல், இரண்டிலும் அட்ரினலினை ஒட்டவிடாமல் தடுக்கிற மருந்து. நெஞ்சுப் படபடப்பும் கை நடுக்கமும் அதனால் அடங்குகின்றன. இளைப்பு இல்லாத ஒருவருக்கு மூச்சுக் குழலில் ஏற்படும் அந்தத் தடை தெரியாமலே போய்விடலாம். இளைப்பு இருந்தவரின் மூச்சுக் குழல்களோ, பத்து ஆண்டுகள் அமைதியாக இருந்தாலும், சீண்டினால் சுருங்கும் இயல்பை உள்ளே வைத்துக்கொண்டிருக்கலாம். முதல் இரண்டு வாரங்கள் ஒன்றும் நேரவில்லை என்பதை வைத்து மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொண்டது என்று முடிவு செய்ய முடியாது. மூன்றாம் வாரம் லேசான சளியோ, தூசியோ, பருவ மாற்றமோ சேர்ந்திருக்கலாம், குழல்கள் சுருங்கிவிட்டன.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இளைப்பு வந்தால் நாங்கள் முதலில் கொடுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர், மூச்சுக் குழலில் உள்ள அதே ஏற்பியின் வழியாகத்தான் வேலை செய்கிறது. அந்த இடத்தைப் புரோப்ரானலால் ஏற்கெனவே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இன்ஹேலர் வழக்கம்போல் பலன் தராமல் போகலாம். அதாவது இந்த மாத்திரை இளைப்பைத் தூண்டுவதோடு நில்லாமல், இளைப்புக்கான மருந்தின் கையையும் கட்டிப்போடுகிறது. இளைப்பு உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். அந்தக் காணொளியில் பேசியவர் இதைச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். மேடைக் கலைஞர்கள் சிலர் மருத்துவரின் ஆலோசனையோடு இந்த மருந்தை எடுத்துக்கொள்வது உண்மைதான். ஆனால் அந்த மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வியே, உங்களுக்கு எப்போதாவது இளைப்பு இருந்ததா என்பதுதான். காணொளி உங்களிடம் எதையும் கேட்பதில்லை. 1960-களில் இந்த மருந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. எண்ணற்ற இதய நோயாளிகளுக்குப் பயன்பட்ட அருமையான மருந்து அது. ஆனால் ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும்போது எவ்வளவு நல்ல மருந்தும் ஆபத்தாகிவிடும். நாத்தனார் வீட்டு மாத்திரை டப்பா நம் வீட்டு மருந்துக்கடை ஆகிவிடும் வழக்கத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆகவே இந்த வாரமே ஒரு பொது மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பாருங்கள். சத்தம் நின்றுவிட்டது, இனி எதற்கு என்று தள்ளிப் போடாதீர்கள். நடந்ததை உள்ளபடியே, மாத்திரையின் பெயரும் அளவும் சேர்த்து, சொல்லுங்கள். அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார். குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தை அளக்கும் ஸ்பைரோமெட்ரி என்ற எளிய பரிசோதனையையும் செய்யச் சொல்லலாம். தேவையென்றால் இன்ஹேலர் எழுதிக் கொடுப்பார். அதை வெட்கப்படாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் என்றாவது மறுபடியும் நெஞ்சு இறுகி, ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத நிலை வந்தால், ஆவி பிடித்துக்கொண்டு காத்திருக்காமல், படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, 108-ஐ அழையுங்கள். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் பள்ளி நாள் இளைப்பைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். கண் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். கண் அழுத்த நோய்க்குத் தரும் டிமோலால் என்னும் சொட்டு மருந்தும் இதே வகையைச் சேர்ந்தது, கண்ணில் விட்ட ஒரு துளி மூச்சுக் குழல் வரை போய்ச் சேரும் என்பதைப் பலர் நம்புவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். மைக் முன்னால் மட்டும் வந்து, படி ஏறும்போது வராத படபடப்பு, இசிஜியும் சரியாக இருக்கையில், இதய நோய் அல்ல. பாடப் போகும் நேரத்தில் மட்டும் அடைத்து, சோறு விழுங்கும்போது மறந்துபோகும் தொண்டை உருண்டை புற்றுநோய் அல்ல; அச்சத்தில் தொண்டைத் தசைகள் இறுகுவதால் வரும் உணர்வு அது. நரம்புத் தளர்ச்சி என்பது டானிக் விற்பவர்கள் வளர்த்துவிட்ட சொல். அப்படி ஒரு நோய் உங்களுக்கு இல்லை. எக்கோ, ஸ்கேன் என்று எதையும் நீங்களாகப் போய் எடுக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். சகோதரி, அட்ரினலின் விசுவாசத்தை அளக்கும் கருவி அல்ல. தனக்கு மிக முக்கியமான ஒன்றைப் பலர் பார்க்கச் செய்யும் எவருக்கும் அது சுரக்கும். என்னிடம் சிகிச்சைக்கு வரும் நாகசுர வித்துவான் ஒருவர் நாற்பது ஆண்டுகளாக வாசிக்கிறார். தாலி கட்டும் வேளையில் கெட்டிமேளம் என்று குரல் வருவதற்கு முந்தைய அந்த ஒரு நிமிடத்தில் தன் உள்ளங்கை இன்றும் வியர்க்கிறது என்றும், வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் வாசிப்பதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய பக்தியையோ தேர்ச்சியையோ யாரும் சந்தேகிப்பதில்லை. நீங்கள் ஜெபித்தபின் நடுக்கம் நிற்கிறதா என்று கையைப் பார்க்கிறீர்கள். நிற்கவில்லை என்றதும் ஜெபம் கேட்கப்படவில்லை என்று இன்னொரு அச்சம் முளைக்கிறது. அந்த அச்சம் மேலும் அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது. இந்தச் சுழலில் குற்றவாளியாக நிறுத்தப்பட வேண்டியது உங்கள் விசுவாசம் அல்ல, கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம்தான். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் முன்னால் தயங்காமல் பேசுகிறவருக்கு ஆராதனையில் மட்டும் நடுக்கம் வருகிறது என்றால், அந்த இடத்தை நீங்கள் அவ்வளவு உயர்வாக மதிக்கிறீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

குரல் ஏன் உடைகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். குரல்வளையில் உள்ள இரண்டு மெல்லிய மடிப்புகள், கீழிருந்து சீராக வரும் காற்றில் அதிர்ந்தால்தான் சுருதி நிற்கும். பதற்றத்தில் நாம் வயிற்றை இறுக்கிக்கொண்டு, தோள்களை உயர்த்தி, மேல் நெஞ்சால் மட்டும் குட்டிக் குட்டியாக மூச்சு வாங்குகிறோம். கீழிருந்து வரும் காற்று விட்டுவிட்டு வருவதால், முதல் வரியின் நீண்ட சுரத்திலேயே குரல் ஆடிவிடுகிறது. அடுத்த முறை பாட்டுப் புத்தகத்தை எப்படிப் பிடித்திருக்கிறீர்கள் என்று கவனியுங்கள். நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, தாடையைக் கீழே தாழ்த்தி, எழுத்தையே பார்த்துப் பாடினால் தொண்டை மடங்கி மேலும் இறுகும். நடுங்கும் தாள் கண்ணெதிரே படபடத்துக்கொண்டு உங்கள் பயத்தை உங்களுக்கே காட்டிக்கொண்டிருக்கும். புத்தகத்தைத் தாங்கியின் மேல் வையுங்கள். கண்ணுக்கு நேரான உயரத்தில் தாங்கி இருக்கட்டும். கைகள் சும்மா தொங்கட்டும்.

மூச்சுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். இன்றே தொடங்குங்கள், ஞாயிறு காலை முதன்முதலாகச் செய்து பார்க்காதீர்கள். உட்கார்ந்து, ஒரு கையைத் தொப்புளுக்கு மேல் வைத்து, அந்தக் கை உயரும்படி நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுங்கள். பிறகு ‘ஸ்ஸ்’ என்ற மெல்லிய ஓசையோடு ஆறு முதல் எட்டு எண்ணும் வரை விடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம், ஏனென்றால் மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு சற்று மெதுவாகிறது. காலையும் மாலையும் ஐந்து நிமிடம், மூன்று வாரம் செய்தால், ஆராதனை நாளில் அது தானாகவே கைகொடுக்கும். பதற்றத்தில் பெரிய பெரிய மூச்சாக வேகமாக இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றலும் விரல் நுனியில் மரமரப்பும் வரும். அதைப் பார்த்து மயங்கி விழப் போகிறோம் என்று பயந்துவிடாதீர்கள். இந்தப் பயிற்சியின்போதும் விசில் சத்தம் கேட்டால், நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பயம் போனபின் பாடலாம் என்று காத்திருந்தால் அது போகாது. பாடிப் பாடித்தான் போகும். சனிக்கிழமை மாலை ஒத்திகைக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய், ஆளில்லாத ஆலயத்தில், நாளை நிற்கப்போகும் அதே இடத்தில், அதே மைக்கில் முதல் பாடலை முழுவதும் பாடுங்கள். மைக்கில் திரும்பி வரும் உங்கள் குரல் உங்களுக்கே அன்னியமாகக் கேட்பது பயத்துக்கு ஒரு பெரிய காரணம். காது அதற்குப் பழக வேண்டும். வீட்டு ஜெபக்கூட்டங்களில் பத்துப் பேர் முன்னால் பாடலைத் தொடங்கிக் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பாடலாக, சபையார் அனைவரும் கண்ணை மூடிக்கொண்டு பாடக்கூடிய ஒரு பழைய கீர்த்தனையை எடுங்கள். முதல் வரியைத்தான் நீங்கள் தனியாகப் பாடப்போகிறீர்கள், இரண்டாம் வரியில் மொத்தச் சபையும் உங்களைத் தூக்கிக்கொள்ளும். கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கச் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்கு, தூங்கி எழுந்த குரலில், மாலை ஒத்திகையின் சுருதியை எட்ட முயல்வதாலேயே பலருக்குக் குரல் உடைகிறது. அதைப் பயம் என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

திருவிருந்து உள்ள ஞாயிறுகளில் பலர் வெறும் வயிற்றோடு ஆலயத்துக்கு வருவதை அறிவேன். அந்த வழக்கத்தைக் குறை சொல்ல நான் யாரும் இல்லை. ஆனால் முந்தைய இரவும் சரியாகச் சாப்பிடாமல், காலையில் ஒரு கடுங்காப்பியை மட்டும் குடித்துவிட்டு வந்தால், பசியும் காப்பியும் சேர்ந்து கை நடுக்கத்தைக் கூட்டும். பாடல் நடத்தும் நாள்களில் இரண்டு இட்லியாவது சாப்பிடலாமா என்று ஆயரிடமே கேளுங்கள்; அவர் மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. காப்பியைத் தவிர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரை அவ்வப்போது மடக்கு மடக்காகக் குடியுங்கள். பனங்கற்கண்டும் மிளகும் கேடில்லை, விருப்பமிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றை மூன்று மாதம் உண்மையாகச் செய்தபின்னும், சனிக்கிழமை இரவே தூக்கம் கெடுகிறது, ஆராதனைக்குப் போகாமலிருக்கக் காரணம் தேடுகிறீர்கள் என்றால், ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாகப் பழக்கும் பேச்சு முறைச் சிகிச்சை இதற்கு நன்றாகப் பலன் தருகிறது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் என்று தரப்படும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். அவை மனத்தை மந்தமாக்கி, பாடலின் அடுத்த அடியையே மறக்கடிக்கும், விட முடியாத பழக்கமும் ஆகும்.

மருத்துவரிடம் போகும்போது மீதி மாத்திரை உள்ள அட்டையை எடுத்துப் போய்க் காட்டிவிட்டு, நாத்தனாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவரிடம் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பதிலைப் படித்துவிட்டு, தலைவலிக்காகத் தினமும் சாப்பிடும் மாத்திரையை அவர் பயந்துபோய் நிறுத்திவிடக் கூடாது. தொடர்ந்து சாப்பிடுகிறவர் இதைத் திடீரென்று விட்டால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறக்கூடும்; அவருக்கு எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் அளவைக் குறைப்பதா, தொடர்வதா என்று சொல்ல வேண்டும்.