குழல் ஆடுது, எம்-சீல் வைக்கலாமா?

கேள்வி: அண்ணா, ஸ்ரீராமபுரத்தில் கதவு, கட்டில் வேலை செய்கிறேன். என் வாடிக்கையாளர் ஒருவர் குடகுக்காரர். அவர் வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, வாய் வழியாக மருந்து திணிக்கிற வகை. கட்டையில் குழல் கடகடவென்று ஆடுகிறது, கைல்போது என்கிற அவர்கள் ஆயுத பூஜைப் பண்டிகைக்குள் சரிசெய்து கொடுங்கள் என்கிறார். எம்-சீல் வைத்து இறுக்கிவிடலாமா?
— வாசகர், பெங்களூரு

பதில்: வேண்டாம். எம்-சீல் இருக்கட்டும், அந்தத் துப்பாக்கியே உங்கள் கடைக்கு வரக்கூடாது. குடகுக்காரர்களுக்கு லைசென்ஸ் விலக்கு இருக்கிறது, 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, எல்லாம் சரி. ஆனால் அது துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான். பழுது பார்க்கிறவருக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பட்டறைக்கு அவரே கொண்டுபோகட்டும். மரவேலைக்கு ஆள் வேண்டுமென்று அங்கிருந்து கூப்பிட்டால் அப்போது போங்கள்.

போனால் முதல் வேலை உளி எடுப்பது அல்ல, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. திணிக்கிற கம்பியை வாய் வழியாக மெதுவாக அடிவரை விட்டு, வாய் விளிம்புக்கு நேராகக் கம்பியில் பென்சில் கோடு போடுங்கள். கம்பியை உருவி, அந்தக் கோடு விளிம்புக்கு நேராக இருக்கும்படி குழலுக்கு வெளியே ஒட்டி வையுங்கள். கம்பி நுனி நிப்பிள், அதாவது குழலின் அடியில் பொட்டு மாட்டுகிற சின்னக் குமிழ், அதன் பக்கம் வரை வந்தால் காலி. நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது; குளவிக் கூடாகவும் இருக்கலாம், தாத்தா திணித்த மருந்தாகவும் இருக்கலாம். பழைய கருமருந்து செத்துப்போயிருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் பிடிக்கும். அப்படி இருந்தால் கையை எடுத்துவிட்டுப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஆட்டத்துக்கு வருவோம். குழல் எதனால் கட்டையில் நிற்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகளில் பிரவுன் பெஸ் மாதிரி என்றால் குறுக்கே ஆணிகள், 1853 என்ஃபீல்டு மாதிரி என்றால் மூன்று இரும்புப் பட்டைகள். ஆணி வகையில் குழலுக்கு அடியில் இருக்கிற காதுகளில் துளை நீளவாட்டில் கொஞ்சம் நீண்டிருக்கலாம். தேய்ந்துபோச்சு என்று அடைத்துவிடாதீர்கள், மரமும் இரும்பும் வெவ்வேறு மாதிரி நீண்டு சுருங்குவதால் தெரிந்தேதான் அப்படி விடுவார்கள்.

குழலைக் கழற்றி, அடிப்பக்கம் விளக்குக் கரியை மெல்லிசாகத் தடவி, காடியில் உட்காரவைத்து எடுங்கள். கரி ஒட்டிய இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம், கதவு நிலையில் பார்ப்பது போலத்தான். மேட்டைச் சுரண்டிதான் எடுக்க வேண்டும், உளியால் கொத்தாதீர்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி முக்கியமில்லை. சுடும்போது வரும் பின்னுதையைத் தாங்குவது குழலின் அடிமுனைதான். அது மரத்தில் சதுரமாக, முழுசாக முட்ட வேண்டும். அதற்குப் பின்னால் நீளும் வால் பகுதியின் கடைசி முனைக்கும் மரத்துக்கும் நடுவில் மட்டும் ஒரு காகித இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் அடி முழுவதும் வால் முனையில் ஏறி, கைப்பிடிக் கழுத்தை ஆப்பு மாதிரி பிளந்துவிடும். பழைய கட்டைகளில் அங்கே விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பள்ளம் இருந்தால் அதே ஜாதி மரத்தில் மெல்லிய பட்டை சீவி, ரேகை ஒரே திசையில் ஓட, ஒட்டிச் சுரண்டுங்கள். அடிமுனை மரம் ரொம்பச் சிதைந்திருந்தால் அந்த இரண்டு அங்குலத்துக்கு மட்டும் ஆரால்டைட் வகைப் பசை போடலாம், இரும்பு முழுக்க மெழுகு தடவியபிறகு. ஒரு மூலையில் மெழுகு விட்டுப்போனாலும் குழல் வராது. ஒருமுறை அப்படி ஒட்டிப்போன ஒன்றைப் பார்த்தேன். கருமருந்தின் கசடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால் சுட்டபின் வெந்நீரில் கழுவியே ஆகவேண்டும். அவர்கள் கழுவியிருக்கிறார்கள், ஆனால் குழல் கழற்ற வராததால் தண்ணீர் காடிக்குள் இறங்கி, அடிப்பக்கம் முழுக்கத் துரு.

பூஜையில் வைக்க மட்டும்தான் என்றால் எதுவுமே செய்ய வேண்டாம். வாயில் தோக் பூ, அதான் நம்ம செங்காந்தள், செருகி வைப்பார்கள். அதற்குக் குழல் ஆடினால் என்ன? ஆனால் கைல்போதில் தேங்காய் சுடுகிற போட்டியும் உண்டு. அதற்கு இதை எடுக்கப்போகிறாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.