திருப்பி வைத்த வாக்குத்தத்த அட்டை

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 33 வயது. கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. ஒவ்வொரு டிசம்பர் 31 இரவு ஆராதனையிலும் எடுக்கிற, வரும் வருடத்துக்கென்று ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை வேதாகமத்துக்குள் வைத்துவிடுவேன். ஏழு அட்டை சேர்ந்துவிட்டது. மூன்றாம் வருடம் வந்தது சங்கீதம் 113:9, 'மலடியைச் சந்தோஷமான பிள்ளைத்தாய்ச்சியாக்கி' என்ற வசனம். அன்றைக்கு ஓடிப்போய் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். இப்போது அதை மட்டும் திருப்பி வைத்திருக்கிறேன்.

போன மாதம் நாத்தனார் குழந்தைக்கு ஞானஸ்நானம். போதகர் ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கியதும் எழுந்து வெளியே போய், செருப்பு கிடக்கிற இடத்தில் நின்றேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு அக்கா, "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கா, யோசிச்சுப் பாரு" என்றார்கள். எனக்கு எல்லா டெஸ்ட்டும் நார்மல். வீட்டுக்காரர் டெஸ்ட்டுக்கு வரமாட்டார். "கர்த்தருக்குக் காத்திருக்கோம்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறது அவிசுவாசம்" என்கிறார். இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் கர்த்தர்மேல் கோபம்தான் வருகிறது. என் விசுவாசம் போய்விட்டதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புத் தங்கைக்கு,

போகவில்லை. போயிருந்தால் மூன்று மணிக்கு எழுந்து அவரிடம் கோபப்பட உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறது. அதுவும் ஜெபம்தான். கோபத்தை விழுங்கிவிட்டு ஸ்தோத்திரம் மட்டும் சொல்ல வேண்டாம்.

1 சாமுவேல் முதல் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். பிள்ளையில்லாமல், உதடு மட்டும் அசைய ஜெபித்து அழுத அன்னாளை, குடித்திருக்கிறாள் என்று நினைத்தார் ஆசாரியனாகிய ஏலி. ஆலயத்திலேயே இருந்தவருக்குக்கூட அவள் துக்கம் தெரியவில்லை. அந்த அக்கா சொன்னதையும் அந்தக் கணக்கிலேயே விட்டுவிடுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து 'யார் செய்த பாவம்' என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றுதான் இயேசு சொன்னார்.

அதே அதிகாரத்தின் 18-ஆம் வசனத்தில் அன்னாள் எழுந்து போய்ச் சாப்பிடுகிறாள். அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை. அப்போது அவளுக்குப் பின்னால் பிறந்த மகன் சாமுவேல் வயிற்றிலும் இல்லை. மனதில் கிடந்ததையெல்லாம் அவள் கொட்டி முடித்திருந்தாள், அவ்வளவுதான். என்னிடம் வருகிற பலர் பிள்ளை வந்த பிறகு சாப்பிடலாம், சிரிக்கலாம், நல்ல சேலை கட்டலாம் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். நீங்களும் அப்படி எதைத் தள்ளிப்போட்டீர்கள்?

அட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வசனம் சத்தியம். ஆனால் அந்த அட்டை, இந்த வருடமே நடக்கும் என்று நாள் குறித்துத் தந்த சீட்டு இல்லை. அப்படிச் சொல்லிக் கொடுப்பதுதான் உங்களைப் போன்றவர்களை அதிகம் காயப்படுத்துகிறது என்பது என் எண்ணம். குழந்தை நிச்சயம் வரும் என்று எழுத எனக்கும் அதிகாரம் இல்லை, தங்கை. தன் மாம்சத்தில் முள்ளாய் இருந்த பாடு நீங்கும்படி அப்போஸ்தலன் பவுல் கர்த்தரிடம் மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை, கிருபைதான் கிடைத்தது.

உங்கள் வீட்டுக்காரரோடு 2 இராஜாக்கள் 20-ஐச் சேர்ந்து வாசியுங்கள். குணமாக்குவேன், ஆயுசில் 15 வருஷம் கூட்டுவேன் என்று சாகக் கிடந்த ராஜா எசேக்கியாவுக்குக் கர்த்தர் சொன்ன பிறகும், அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்கிறார் தீர்க்கதரிசி ஏசாயா. அதைப் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப்போட்ட பிறகுதான் ராஜா பிழைத்தான். வாக்கும் மருந்தும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால் இருவருமே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் மருத்துவ முறை. அவருக்கு ஒரு விந்தணுப் பரிசோதனையில் தொடங்குவார்கள். அவர் மறுப்பதற்குப் பின்னால் பயம் இருக்கலாம். அதனால் 'நீங்க' என்று ஆரம்பிக்காமல் 'நாம ரெண்டு பேரும்' என்று பேசிப் பாருங்கள்.

இரண்டு மாதத் தூக்கக் கேட்டை ஜெபக்குறிப்பாக மட்டும் வைக்காதீர்கள். ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். ஞானஸ்நான ஆராதனைக்குப் போக முடியாத ஞாயிறு, போக வேண்டாம்.

அந்த அட்டையை இப்போதே நிமிர்த்தி வைக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் பரிசோதனைக்குச் சம்மதித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சம்மதிக்காவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா