ஒரு ஜெர்மானியக் குடியேறிக் குடும்பத்தின் வரலாற்றை அது வாழ்ந்த அமெரிக்க வீட்டை வைத்துக் கண்டறிய முடியுமா?

கேள்வி கேட்டவர் ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் ஒரு பழைய செங்கல் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். அதை 19ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானியக் குடும்பம் கட்டியதாக அக்கம்பக்கத்தினர் சொல்கிறார்களாம். குடும்பப் பெயரைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாதபோது தேடலை எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

முடியும் என்பதே என் பதில். ஆனால் பெயரை விட்டுவிட்டு வீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஷ்னைடர் என்ற பெயர் ஒரு கிளையில் ஸ்னைடர் என்று மாறும். இன்னொரு கிளையில் அதன் பொருளையே எடுத்துக்கொண்டு டெய்லர் ஆகிவிடும். மகள்கள் திருமணமானதும் வேறு பெயருக்குள் மறைந்துவிடுவார்கள். வீடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதைச் சுற்றி வரி கட்டியவர், வாடகை கொடுத்தவர், பிறந்தவர், இறந்தவர் என்று அத்தனை பேரின் காகிதங்களும் ஒரே முகவரியில் வந்து சேர்கின்றன.

இதை நான் உணர்ந்துகொண்டது நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் வீட்டில். ஹட்சன் ஆற்றுக்கு இக்கரையில், நியூ ஜெர்சியில் நான் குடியிருப்பதால் அங்கே மூன்று முறை போய் வந்திருக்கிறேன். லூக்காஸ் குளோக்னர் என்ற ஜெர்மானியத் தையற்காரர் 1863இல் கட்டிய ஐந்து மாடி ஒண்டுக்குடித்தனக் கட்டடம் அது. அமெரிக்கர்கள் டெனமென்ட் என்பார்கள். கட்டியபோது 22 குடித்தனங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று அறைகள், மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 325 சதுர அடி. 1935இல் புதிய வீட்டுச் சட்டங்கள் கேட்ட மாற்றங்களைச் செய்வதைவிடக் குடித்தனக்காரர்களைக் காலி செய்வதே மேல் என்று உரிமையாளர் முடிவெடுத்து, கீழே கடைகளை மட்டும் வைத்துக்கொண்டு மாடிகளைப் பூட்டிவிட்டார். 1988இல் அருங்காட்சியகம் அமைக்க இடம் தேடிய ரூத் ஏப்ரமும் அனிட்டா ஜேக்கப்சனும் வந்து பார்த்தபோது, அரை நூற்றாண்டாக ஆள் நடமாட்டமில்லாத அறைகள் அப்படியே கிடந்தன.

படிக்கட்டின் மரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால், சீரமைக்காமல் விட்டுவைத்த ஓர் அறையில் சுவர்க்காகிதம் உரிந்து தொங்குகிறது. பூப்போட்ட காகிதத்தின் கீழே கோடு போட்டது, அதன் கீழே பழுப்பேறிய இன்னொன்று, அதற்கும் கீழே வெறும் சுண்ணாம்புப் பூச்சு. குடித்தனம் மாறும்போது பழையதைக் கிழிக்காமல் அதன்மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். அந்த விளிம்பின் அருகே முகத்தை வைத்துப் பார்த்தபோது, எந்த அடுக்கு எந்தக் குடும்பத்தினுடையது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. சுவர் தானாக அதற்குப் பதில் சொல்லாது. நீதிமன்றத்தில் இருக்கும் ஒரு காகிதம் சொல்லும்.

அந்தக் காகிதத்துக்கு உரியவர் நேட்டலி கம்பெர்ட்ஸ். அன்றைய ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவில் ஓர்ட்டெல்ஸ்பர்க் என்ற ஊரில் பிறந்த யூதப் பெண். 1858இல் நியூயார்க் வந்து, காலணித் தொழிலாளியான ஜூலியஸ் கம்பெர்ட்ஸை மணந்து, இந்த வீட்டில் குடியேறினார். 1873இல் வங்கிகள் சரிந்து நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கியது. மறு ஆண்டு அக்டோபரில் ஒரு நாள் வேலைக்குப் புறப்பட்ட ஜூலியஸ் வீடு திரும்பவே இல்லை. பிள்ளைகளோடு தனியாக நின்ற நேட்டலி, அதே வீட்டில் உடை தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1883இல் ஜெர்மனியிலிருந்த மாமனாரின் சொத்தில் ஜூலியஸுக்கு 600 டாலர் பங்கு வந்திருப்பதாகத் தகவல் கிடைத்தது. கணவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தால்தான் அந்தப் பணம் அவர் கைக்கு வரும். ஆகவே நேட்டலி வாரிசு நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார். கணவர் காணாமல் போன நாள், அவரைத் தேடிய விதம், அதற்குப் பிறகு வாழ்ந்த வாழ்க்கை எல்லாவற்றையும் அவர் அங்கே பதிவு செய்ய வேண்டியிருந்தது.

ஒரு தையற்காரப் பெண்ணின் துயரம் வேறு எந்த ஆவணத்திலும் இவ்வளவு விரிவாக இடம்பெற்றிருக்காது. அருங்காட்சியகம் நேட்டலியின் குடித்தனத்தை 1878இல் இருந்திருக்கக்கூடிய தோற்றத்தில் அமைத்திருக்கிறது. தெருவைப் பார்த்த முன்னறையில், ஜன்னலை ஒட்டித் தையல் வேலைக்கான இடம் இருக்கிறது. அந்த மூன்று அறைகளில் நேர் வெளிச்சம் விழுவது அங்கே மட்டும்தான் என்பதை நின்று பார்த்த பிறகுதான், விருந்தினரை உட்கார வைக்கும் அறை எப்படிப் பிழைப்புக்கான அறையாக மாறியது என்பது எனக்குப் புரிந்தது. ஆகவே நீங்களும் உங்கள் வீட்டோடு தொடர்புடைய உயில், வாரிசுரிமை வழக்குகளை முதலில் தேடுங்கள். குடும்பம் எங்கே முறிந்ததோ அங்கேதான் அதிகமாக எழுதிவைத்திருப்பார்கள்.

கட்டடத்தைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஆர்ச்சர்ட் தெரு வீட்டில் அறைகளுக்கு இடையிலுள்ள உட்சுவர்களில் ஜன்னல்கள் உண்டு. அவற்றைப் பார்த்ததும் நேட்டலியின் காலத்தவை என்று நினைத்துவிடுவோம். ஆனால் இருட்டறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வரவேண்டும் என்று கட்டாயப்படுத்திய 1901ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே உரிமையாளர் அவற்றைத் திறந்தார். மாடியில் இரண்டு குடித்தனங்களுக்கு ஒன்றாகக் கழிப்பறை வந்ததும் அதே சட்டத்தால்தான்; நேட்டலியின் காலத்தில் பின்முற்றத்துக்குத்தான் இறங்கிப் போகவேண்டும். வீட்டின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆண்டு குறித்த பிறகே அதைக் குடும்பக் கதையோடு சேர்க்கவேண்டும். இதற்கு உதவுபவை, தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக 1867 முதல் வரையப்பட்ட சான்போர்ன் வரைபடங்கள். செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள் என்று வண்ணம் தீட்டியிருப்பார்கள். மாடிகளின் எண்ணிக்கையும் குறித்திருப்பார்கள். பத்தாண்டு இடைவெளியில் வரைந்த இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்தால், பின்புறம் ஓர் அறை கூடியதும் தொழுவம் மறைந்ததும் தெரிந்துவிடும். இவற்றில் பெரும்பகுதியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

பத்திரங்களை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பார்க்கவேண்டும். இன்றைய உரிமையாளரில் தொடங்கி, அவருக்கு விற்றவர், அவருக்கு முன் விற்றவர் என்று பின்னோக்கிப் போனால் தாய்ப்பத்திரத்தில் வந்து நிற்பீர்கள். பத்திரம் உரிமையாளரை மட்டுமே காட்டும். வாடகைக்கு இருந்தவர்களை ஆண்டுதோறும் அச்சிட்ட நகர முகவரிக் கையேடுகளில் காணலாம். அவற்றில் குடும்பத் தலைவரின் பெயரும் தொழிலும்தான் இருக்கும். திருமணமான பெண் பெரும்பாலும் கணவர் இறந்த பிறகுதான், இன்னாருடைய கைம்பெண் என்ற குறிப்போடு அந்த ஏடுகளில் தலைகாட்டுகிறார். இது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது. ஆனாலும் அந்த ஒரு சொல்லே கணவர் இறந்த ஆண்டை நெருங்க வழிகாட்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டை வைத்துத் தேடுபவருக்கு 1880 மிக முக்கியமான ஆண்டு. நகரங்களில் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் அப்போதுதான் முதன்முதலாகப் பதிவாயின. 1890ஆம் ஆண்டு ஏடுகளில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தின் விளைவாக அழிந்துபோனது. அந்த இருபதாண்டு இடைவெளியை முகவரிக் கையேடுகளைக் கொண்டுதான் நிரப்பவேண்டும். 1900ஆம் ஆண்டுப் படிவம் ஒரு பெண் பெற்ற பிள்ளைகள் எத்தனை, அவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்றும், நாட்டுக்கு வந்த ஆண்டு எது என்றும் கேட்கிறது. முதல் இரண்டு எண்களும் பொருந்தாத இடங்களில், வேறெங்கும் பதிவாகாத சாவுகள் இருக்கலாம்.

சின்சினாட்டியில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு தொல்லையும் வரலாம். அங்கே கால்வாய்க்கு வடக்கே ஜெர்மானியர் நெருங்கி வாழ்ந்த பகுதிக்கு ‘ரைனுக்கு அப்பால்’ என்றே பெயர். கால்வாயைத் தாண்டிப் போவதை ரைன் நதியைத் தாண்டுவதாகச் சொல்லி வந்தார்கள். முதல் உலகப்போரில் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராக இறங்கியதும் ஜெர்மன் பெயர்கள்மீதே வெறுப்பு திரும்பியது. 1918இல் பிரெமன் தெரு ரிப்பப்ளிக் தெரு ஆயிற்று. ஜெர்மன் தெரு இங்கிலிஷ் தெரு ஆயிற்று. அதே ஆண்டுகளில், குடியுரிமை பெறாத ஜெர்மானியர் எதிரிநாட்டவர் என்று கைரேகையும் புகைப்படமும் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளவேண்டியிருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்த பெண்களும், ஜெர்மானியரை மணந்ததால் 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமை இழந்து, இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு குடும்பம் 1918ஐ ஒட்டிப் பெயரை மாற்றிக்கொண்டிருந்தால், அந்த அச்சத்தையும் மனத்தில் வைத்துப் பாருங்கள். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் சொல்வது சரியன்று. பயணிகள் பட்டியலைப் புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனம் தயாரித்துவிட்டது. அதற்கும் மேலாக, எல்லிஸ் தீவு திறந்ததே 1892இல்தான். உங்கள் குடும்பம் அதற்கு முன்பே வந்திருக்கக்கூடும்.

கடலுக்கு அப்பால் எந்த ஊர் என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. கணக்கெடுப்பில் பிரஷ்யா, பாடன், ஹனோவர் என்று நாட்டுப் பெயர் மட்டுமே இருக்கும். 1871க்கு முன் ஜெர்மனி என்ற ஒரே அரசு கிடையாது. நேட்டலி பிறந்த ஓர்ட்டெல்ஸ்பர்க் இன்று போலந்தில் ஷ்சித்னோ என்ற பெயரில் இருக்கிறது; இன்றைய ஜெர்மனியின் வரைபடத்தில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. ஹாம்பர்க் வழியாகப் புறப்பட்டவர்களுக்கு 1850 முதல் 1934 வரையிலான பட்டியல்கள், சில இடைவெளிகளோடு, சொந்த ஊரின் பெயருடன் இருக்கின்றன. பிரெமன் வழியாக வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இடப் பற்றாக்குறையால் அலுவலர்களே பழைய பட்டியல்களை அழித்தார்கள், எஞ்சியவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப்போரில் போயின. அப்போது வீட்டுக்கு அருகிலிருந்த ஜெர்மன் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கேளுங்கள். கணக்கெடுப்பாளரிடம் பிரஷ்யா என்று சொல்லிவிட்டுப் போனவர், தம் பாதிரியாரிடம் கிராமத்தின் பெயரையே சொல்லியிருப்பார். கல்லறைக் கல்லில் ‘கெபோரெனே’ என்ற சொல்லையடுத்து இருப்பது பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர்.

ஆர்ச்சர்ட் தெரு வீட்டின் அடித்தளத்தில் 1864 முதல் 1886 வரை ஜான் ஷ்னைடரும் அவர் மனைவி கரோலினும் பீர்க்கடை நடத்தினார்கள். அந்த வட்டாரத்துக்கே ‘சின்ன ஜெர்மனி’ என்றுதான் பெயர். வேலை தேடுவோர், சங்கம் கூடுவோர், தாய்மொழியில் பேச ஏங்குவோர் எல்லோருக்கும் இத்தகைய கடைகள்தான் கூடுமிடம். உங்கள் வீட்டின் இருபுறமும் இருந்த நான்கைந்து வீடுகளையும் சேர்த்துத் தேடச் சொல்வது இதனால்தான். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரே தெருவில் அடுத்தடுத்துக் குடியேறுவது வழக்கம். உங்கள் குடும்பத்தின் கிராமம் பக்கத்து வீட்டுக்காரரின் ஆவணத்தில் எழுதியிருக்கலாம்.

வழக்கு முடிந்த சில ஆண்டுகளில் நேட்டலி மகள்களோடு ஆர்ச்சர்ட் தெருவை விட்டு, ஜெர்மானியர் பெருகிவந்த வடக்குப் பகுதியான யார்க்வில்லுக்குக் குடிபெயர்ந்தார், 1894இல் காலமானார். அவர் போன பிறகு அந்த மூன்று அறைகளுக்கு வேறு குடும்பங்கள் வந்தன, வேறு மொழிகள் பேசின, சுவரில் அடுத்த காகிதத்தை ஒட்டின. நீங்களும் வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்று, அலமாரிக்குப் பின்புறமோ மாடிப்படியின் அடியிலோ பழைய சுவர்க்காகிதம் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் பிய்க்காமல் புகைப்படம் எடுத்துக்கொண்டு, 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் உங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே இருக்கும் பெயர்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து அடுத்து எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.