200 சோப்பும் ஏழு வாரமும்

கேள்வி: எனக்கு இன்னும் ஏழு வாரத்தில் கல்யாணம். 200 பேர் வருவார்கள். செலவைக் குறைக்க, ரிட்டர்ன் கிஃப்ட், மேடை அலங்காரம் இரண்டையும் நானும் தங்கையுமே செய்வதாக இருக்கிறோம். வீட்டில் செய்த சோப்பு, மெழுகுவத்தி, சுருக்குப்பை, க்ரேப் பேப்பர் பூக்களால் மேடைக்குப் பின்னால் ஒரு சுவர் என்று பட்டியல் நீள்கிறது. "கடைசியில் கடையில் வாங்குவதைவிட இதுதான் அதிகம் ஆகும் பார்" என்கிறாள் அக்கா. அவள் சொல்வது சரியா?

பதில்: அக்கா சொல்வதில் பாதி உண்மை. ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு செய்தால் மிச்சமாக வாய்ப்பு உண்டு. நான்கைத் தொட்டால் நான்குக்கும் தனித்தனியாக அச்சு, கருவி, பசை, பழகும்போது வீணாவது என்று சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். அதனால் பட்டியலை முதலில் வெட்டிவிடுவோம்.

சோப்பு வேண்டாம். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து செய்யும் சோப்பு, ஈரம் வற்றி இறுக நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றாடக் கிடக்க வேண்டும். உங்களிடம் இருப்பதே ஏழு வாரம். முதல் ஈடு சொதப்பினால் அடுத்த ஈடுக்கு நாள் கிடையாது. போதாததற்கு, காஸ்டிக் சோடா தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். கல்யாணப் பெண்ணுக்கு எதற்கு அந்த வேலை? மெழுகுவத்தியும் அப்படித்தான். கண்ணாடிக் கிண்ணத்தின் அகலத்துக்குத் திரி பொருந்தாவிட்டால் நடுவில் மட்டும் குழி விழுந்து அணைந்து போகும். சரியான திரியைக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமையும் மெழுகும் தீர்ந்துவிடும்.

சுருக்குப்பை நல்ல யோசனை. ஆனால் தலைக்கு ஒன்று எதற்கு? குடும்பத்துக்கு ஒன்று என்று அழைப்புப் பட்டியலை எண்ணிப் பாருங்கள். 80 பை என்று வந்தால் கணக்கு இப்படி: 112 செ.மீ. அகலத் துணியில், 18 செ.மீ. அகலமும் 44 செ.மீ. நீளமுமான துண்டுகள் ஒரு வரிசைக்கு ஆறு கிடைக்கும். ஒரு மீட்டருக்கு இரண்டு வரிசை, 12 பை. ஏழு மீட்டர் வாங்கினால் 84 பை. துண்டின் 44 செ.மீ. நீளத்தைப் பாதியாக மடித்தால் அடியில் தையலே தேவையில்லை, இரண்டு ஓரமும் வாய் மடிப்பும் மட்டும்தான்.

இதில் பணம் ஒழுகுவது துணியில் இல்லை, நாடாவில். ஒரு பைக்கு 60 செ.மீ. என்றால் 80 பைக்கு 48 மீட்டர்! சின்னச் சின்ன ரிப்பன் சுருள்களாக வாங்காதீர்கள், முழு உருளையாக வாங்குங்கள். பாலியெஸ்டர் ரிப்பன் என்றால் வெட்டிய நுனியை மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கத்தில் ஒரு நொடி காட்டினால் போதும், உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது. பருத்தி நாடாவில் இதைச் செய்யாதீர்கள், பற்றிக்கொள்ளும். பெயர்ச் சீட்டுக்கு ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து வெட்டினால் எட்டு வரும். அதாவது 80 சீட்டுக்குப் பத்தே தாள்.

அப்புறம் பூச்சுவர். இங்கே நான் கொஞ்சம் சூடு பட்டவள். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து சிவப்பு க்ரேப் பேப்பரில் பூ செய்து, முந்தின நாள் சாயங்காலமே வெளியே வெள்ளைத் துணியில் கட்டிவிட்டோம். ராத்திரி பனி இறங்கியது. காலையில் பார்த்தால் ஒவ்வொரு பூவுக்கும் கீழே சிவப்புச் சாயம் கோடு கோடாக ஒழுகியிருந்தது. துணியைத் திருப்பிப் போட்டுச் சமாளித்தோம். க்ரேப் பேப்பருக்கு ஈரம் ஆகவே ஆகாது. வெளியே கட்டுவதாக இருந்தால் வெளிர் நிறத்தில் செய்யுங்கள், அன்று காலை கட்டுங்கள்.

சுவர் முழுக்கப் பூ வைக்கவும் வேண்டாம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சின்னப் பூ நூறும் ஒரே கலங்கலாகத்தான் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு முழம் அகலத்தில் 15 பூ செய்து, மணமக்கள் தலைக்கு மேலே ஒரு பக்கமாகச் சாய்வாகக் கூட்டி வையுங்கள். மிச்ச இடத்துக்கு மடிப்பு மடிப்பாகத் தொங்கும் துணி போதும். மடிப்பு விழ, மறைக்க வேண்டிய அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி வேண்டும். இதழ் வெட்டும்போது காகிதத்தின் சுருக்கக் கோடுகள் அடியிலிருந்து நுனிக்கு ஓடுகிற மாதிரி வெட்டுங்கள். அப்போதுதான் இரண்டு கட்டைவிரலாலும் நடுவில் பக்கவாட்டில் இழுத்தால் இதழ் கிண்ணம்போல் குழியும். மாற்றி வெட்டினால் கிழியும். இதழ்களை க்ளூ கன்னால் (பசைக் குச்சியைச் சூடாக்கி உருக்கும் கருவி) ஒட்டலாம், ஆனால் பூவைத் தொங்கவிடுவது கம்பியில்தான் இருக்க வேண்டும். வெயிலில் அந்தப் பசை இளகிவிடும்.

வாங்கப் போவதற்கு முன் ஒரு காரியம். பழைய துணியில் தங்கையை ஐந்து பை தைக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒன்றுக்கு எட்டு நிமிடம் ஆனால் 80க்கு 640 நிமிடம், பதினோரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். பதினைந்து நிமிடம் ஆனால் இருபது மணி நேரம். அப்படியானால் தைக்கிற வேலையைத் தெரிந்த தையல்காரரிடம் கொடுத்துவிட்டு, நாடா கோப்பதையும் சீட்டு எழுதுவதையும் மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நாடா கோக்க அக்காவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், ஊக்கு மாட்டி இழுக்க அவருக்கும் தெரியும்.