மொத்தச் சேமிப்பையும் ஐந்து வருட சிடியில் போடலாமா, பிரித்துப் போடுவது நல்லதா?

கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். கையில் ஐம்பதாயிரம் டாலர் சேர்ந்திருக்கிறது, ஐந்து வருட சிடியில் மொத்தமாகப் போட்டால் வட்டி கூடக் கிடைக்கும் என்று வங்கியில் சொல்கிறார்களாம். நம் ஊர் எஃப்டி-தான் இங்கே சிடி.

பிரித்துப் போடுங்கள். ஐந்து பங்காக்கி ஒரு வருடம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று போடுங்கள். ஒவ்வொன்றும் முதிரும்போது, தேவையில்லை என்றால் அதை எடுத்து மறுபடி ஐந்து வருடத்துக்குப் போடுங்கள். நாலு வருடம் இப்படிச் செய்துவிட்டால் உங்கள் பணம் முழுக்க ஐந்து வருட வட்டியில் இருக்கும், ஆனாலும் வருடத்துக்கு ஒரு பங்கு கைக்கு வந்துகொண்டே இருக்கும். மாதச் சீட்டில் ஒரு தொகை எடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை இங்கே ஏணி முறை என்கிறார்கள்.

நான் நிதி ஆலோசகர் இல்லை. மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிப் போடும் டெக்னீஷியன். பணவீக்கம் 2022-ல் எட்டு சதவீதம், சிடி போட்டவன் தோற்றுத்தான் போவான், இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருக்க வேண்டும் என்று சிலர் கீழே எழுதுவார்கள். எங்களுக்கும் 401கே, அதாவது வேலை வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்கால நிதி, இருக்கிறது, அதில் மாதாமாதம் போகத்தான் செய்கிறது. நான் சொல்வது, சம்பளம் நின்றால் வீட்டை ஓட்டுகிற பணத்தைப் பற்றி. அந்தப் பணத்தைப் பங்குச்சந்தையில் வைக்க எனக்குத் தைரியம் கிடையாது. அது உங்களுக்கு இருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்குக் குடும்பம் இருக்கும், வீட்டுக் கடன் இருக்கும், பெரும்பாலும் ஒருவர் சம்பளத்தில் ஓடும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். 2019-ல் எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது. சிகாகோவுக்கு வடக்கே ஒரு சிறிய வீடு. கணவருக்கு ஓட்டல் சமையலறையில் வேலை. என் பகுதிநேரச் சம்பளம் மளிகைக்கும் மகளின் நீச்சல் வகுப்புக்கும் சரியாக இருக்கும். பதிமூன்று வருடத்தில் நாற்பதாயிரம் டாலர் சேர்த்திருந்தோம். அந்த மார்ச் மாதம் வங்கியில் ஐந்து வருடத்துக்கு மூன்று சதவீதம் என்றார்கள். மொத்தத்தையும் போட்டோம். கையெழுத்துப் போட்ட தாளில், முன்கூட்டியே எடுத்தால் பன்னிரண்டு மாத வட்டி அபராதம், பகுதியாக எடுக்க முடியாது என்று இருந்தது. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு, ஐந்து வருடத்தில் நமக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

2020 ஏப்ரலில் ஓட்டலை மூடினார்கள். அதே வாரம் திருநெல்வேலியில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. வேலையில்லாக் கால உதவிக்கு மனுப் போட்டிருந்தோம், ஆனால் அது வரும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாதே. ஆபரேஷனுக்கும் மூன்று மாத வீட்டுத் தவணைக்குமாக எங்களுக்கு வேண்டியிருந்தது ஏறக்குறைய எட்டாயிரம். எட்டாயிரத்துக்காக நாற்பதாயிரத்தையும் உடைக்க வேண்டியதாயிற்று. பதிமூன்று மாதத்தில் ஆயிரத்து முந்நூறு டாலர் வட்டி சேர்ந்திருந்தது. அதில் ஆயிரத்து இருநூறு அபராதமாகப் போனது.

கொரோனா நேரம், வங்கிக்குள் யாரையும் விடவில்லை. காரிலேயே உட்கார்ந்து பேசும் ஜன்னல் வரிசையில் நாற்பது நிமிடம் நின்றோம். குழாயில் காற்று இழுக்கும் சத்தம் கேட்டது, பிளாஸ்டிக் உருளை ஒன்று வந்து விழுந்தது, அதற்குள் சுருட்டி வைத்த ரசீது. ஒட்டியிருந்த சானிடைசர் ஈரத்தில் ஓரம் நனைந்திருந்தது. கணவர் அதைப் பார்க்காமலேயே என்னிடம் நீட்டினார். பதிமூன்று மாதத்துக்கு எங்களுக்கு மிஞ்சிய வட்டி ஒரு நூறு டாலர் சொச்சம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எட்டாயிரம் எட்டாயிரமாக ஐந்தாகப் பிரித்திருந்தால் முதல் எட்டாயிரம் மார்ச்சிலேயே முதிர்ந்திருக்கும். வேலை போவதற்கு ஒரு மாதம் முன்னால். மற்ற முப்பத்திரண்டாயிரத்தை யாரும் தொட்டிருக்க மாட்டோம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இதோடு என் மனதில் பின்னிக்கிடக்கிற ஒரு டிவி தொடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'குட் டைம்ஸ்'. 1974 பிப்ரவரி முதல் 1979 வரை சிபிஎஸ் சேனலில் வந்தது. சிகாகோவில் அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், பதினேழாம் மாடியில் வாழும் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதை. அப்பா ஜேம்ஸ் எவன்ஸ், அம்மா ஃபுளோரிடா, மூன்று பிள்ளைகள். நான் 2006-ல் வந்த புதிதில் மறு ஒளிபரப்பில் இதைப் பார்த்துத்தான் இங்கத்துப் பேச்சு என் காதில் ஏறியது. அப்போது எனக்குப் பிடித்தது மூத்த மகன் ஜேஜே-யின் கூத்துதான். அவன் வாயைத் திறந்தாலே பார்வையாளர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன்.

அப்பாவாக நடித்த ஜான் ஏமோஸ் 2024 ஆகஸ்டில் இறந்தார், செய்தி அக்டோபர் முதல் தேதிதான் வெளியே வந்தது. அன்று இரவு மகளோடு முதல் பாகத்திலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். அவளுக்குப் பதினாறு வயது. இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பாகத்திலேயே ஜேம்ஸ் ஒரு தொழிற்பயிற்சிக்குப் போகிறார். வேலை கிடைத்ததாகவே வீட்டில் கொண்டாடத் தயாராகிறார்கள். வயது வரம்பு 35, அவருக்கு அதைத் தாண்டிவிட்டது, எடுக்க மாட்டோம் என்று விடுகிறார்கள். அடுத்து வாடகைப் பிரச்சினை. பாத்திரம் கழுவுவார், கட்டட வேலைக்குப் போவார், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேலை பார்ப்பார், எதுவும் நிரந்தரம் கிடையாது. தலைப்புப் பாட்டிலேயே தற்காலிக வேலை நீக்கமும் எளிதாகக் கடன் தந்து ஏமாற்றுவதும் வரும். இருபது வருடத்துக்கு முன்னால் அந்த வரிகள் என் காதில் விழவே இல்லை.

அந்த வீட்டில் ஒரு அப்பா இருப்பதே அம்மாவாக நடித்த எஸ்தர் ரோல் பிடித்த பிடியால்தான். கணவன் இல்லாத குடும்பமாக எழுதினால் நடிக்க மாட்டேன் என்றார். பிறகு ஜேஜே கோமாளித்தனம் தொடரையே விழுங்கியபோது அவரும் ஏமோஸும் எதிர்த்துப் பேசினார்கள். டாக்டராக ஆசைப்படும் மகளும் நீதிபதியாக ஆசைப்படும் கடைசிப் பையனும் இருக்கும்போது கேமரா ஏன் ஒருவனையே சுற்றுகிறது என்பது ஏமோஸின் கேள்வி. அவரை நீக்கிவிட்டார்கள். 1976-ல் நாலாவது சீசன் தொடங்கும்போது ஜேம்ஸ் மிசிசிப்பியில் நல்ல வேலை கிடைத்துப் போயிருக்கிறார், குடும்பம் கூடப் போக மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது, வழியனுப்பு விருந்தில் தந்தி வருகிறது. கார் விபத்தில் இறந்துவிட்டார்.

ஃபுளோரிடா அழுவதில்லை. விருந்தாளிகளைக் கவனிக்கிறார், பாத்திரம் ஒழிக்கிறார், பிள்ளைகளுக்கு அம்மா கல் நெஞ்சோ என்று தோன்றுகிற அளவுக்குச் சாதாரணமாக இருக்கிறார். எல்லோரும் போனபிறகு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைத் தூக்கித் தரையில் அடித்து உடைத்துவிட்டுக் கதறுகிறார். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த உருளையும் நனைந்த ரசீதும்தான் ஞாபகம் வந்தது. எங்களுக்கு நடந்தது சாவு இல்லை, அதையும் இதையும் ஒப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வருமானம் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை என்பதை அவர்கள் அளவுக்கு யாரும் எனக்குக் காட்டியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். நம்மவர்கள் கூடும் இடங்களில், பொங்கல் விழாவோ பிறந்தநாளோ, கறுப்பின மக்களைப் பற்றித் தமிழில் பேசும் பேச்சை இருபது வருடமாகக் கேட்கிறேன். 'கையில காசு நிக்காது', 'சேமிக்கத் தெரியாது'. கூசாமல் சொல்கிறார்கள், பிள்ளைகள் பக்கத்திலேயே நிற்கும்போது. என்னோடு மருந்துக்கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்த அக்கா, தொடரின் தொடக்கத்தில் வருகிற கப்ரினி கிரீன் கட்டடம் ஒன்றில்தான் வளர்ந்தார். அவர் பேட்டையில் வங்கிக் கிளை கிடையாது. அப்பா வெள்ளிக்கிழமைச் சம்பளக் காசோலையை 'கரன்சி எக்ஸ்சேஞ்ச்' என்று சிகாகோவில் சொல்கிற கடையில் கமிஷன் கொடுத்து மாற்றுவார். வாடகை கட்ட அங்கேயே இன்னொரு கட்டணம் கொடுத்து மணி ஆர்டர் எடுப்பார். சம்பாதித்த பணத்தைத் தொடுவதற்கே காசு. மீதியை அம்மா மாவு டப்பாவில் போட்டு வைப்பாராம்.

அந்தக் காலத்தில் வங்கிக்குப் போயிருந்தாலும் என்ன கிடைத்திருக்கும்? 1974-ல் விலைவாசி பதினோரு சதவீதம் ஏறியது. சாதாரண சேமிப்புக் கணக்குக்கு வங்கிகள் ஐந்து சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்று அரசே உச்சவரம்பு வைத்திருந்தது. 1978-ல் சந்தை வட்டியோடு சேர்ந்து ஏறுகிற ஆறு மாதச் சேமிப்புச் சான்றிதழ் வந்தது, குறைந்தபட்சம் பத்தாயிரம் டாலர் வேண்டும். ஜேம்ஸ் எவன்ஸ் மாதிரி ஒருவர் பத்தாயிரத்துக்கு எங்கே போவார்? அதற்கும் நூறு வருடம் முன்னால், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக 1865-ல் தொடங்கிய ஃப்ரீட்மென்ஸ் சேமிப்பு வங்கி 1874-ல் மூடப்பட்டு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் முடங்கிப்போனது. பலருக்கு முழுசாகத் திரும்பி வரவேயில்லை. இத்தனைக்கும் பிறகு சேமித்தவர்கள் அவர்கள். எனக்கு ஏணி முறையைச் சொல்லிக் கொடுத்ததும் அந்த அக்காதான். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஒரு மருந்துப் பையின் பின்னால் ஐந்து கோடு போட்டுக் காட்டினார். அவர் ஐந்நூறு ஐந்நூறு டாலராக ஆரம்பித்தவர்.

சரி, உங்கள் விஷயம். 2022 அக்டோபரில் நாங்கள் மறுபடி சேர்த்த முப்பதாயிரத்தை ஆறாயிரம் ஆறாயிரமாக ஐந்து படி போட்டோம். ஒரு வருடத்துக்கு மூன்றரை, ஐந்து வருடத்துக்கு நான்கு சதவீதம் கிடைத்தது. 2023-ல் முதல் படி முதிர்ந்தபோது நிலைமை தலைகீழ். ஒரு வருட சிடிக்கு ஐந்துக்கு மேல், ஐந்து வருடத்துக்கு நாலரைதான். ஒரு வருடத்திலேயே போடு என்று என் தம்பி சண்டை போட்டான். நான் நாலரைக்கு ஐந்து வருடம் போட்டேன். அந்த வருடம் அவன் கணக்குத்தான் சரி. 2024 செப்டம்பரில் இங்கத்து மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை அரை சதவீதம் குறைத்தது, அதற்குப் பிறகும் குறைத்தது, அவன் மறுபடி போடும்போது முன்பிருந்த வட்டி கிடைக்கவில்லை. என் நாலரை 2028 வரை நிற்கிறது. யார் புத்திசாலி என்று காட்ட இதை எழுதவில்லை. வட்டி எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஏணிக்கு அது தெரிய வேண்டியதில்லை.

முதலில் மூன்று மாதச் செலவை சாதாரண சேமிப்புக் கணக்கில் வைத்துவிட்டு மீதியை மட்டும் பிரியுங்கள். அப்படியென்றால் உங்கள் ஐம்பதாயிரத்தில் சிடிக்குப் போவது முப்பத்தைந்து, நாற்பதுதான் இருக்கும். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் இரண்டரை லட்சம் டாலர் வரை எஃப்டிஐசி என்கிற அரசு அமைப்பின் காப்பீடு உண்டு, ஆகவே வங்கி மூழ்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம். கிரெடிட் யூனியனில், அதாவது உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவு வங்கி மாதிரியான இடத்தில், பெயர் 'ஷேர் சர்டிஃபிகேட்' என்று இருக்கும், காப்பீட்டு அளவு அதேதான். பணத்தை எடுக்காவிட்டாலும் வட்டிக்கு வருடாவருடம் வரி உண்டு, எவ்வளவு வட்டி வந்தது என்று காட்டும் 1099-இன்ட் தாள் வரும். நாங்கள் கட்டிய அபராதத்தை வரிக் கணக்கில் கழிக்கலாம் என்பது வரி போட்டவர் சொல்லித்தான் தெரிந்தது. உங்களுக்கு அப்படி நேர்ந்தால் விட்டுவிடாதீர்கள். தரகு நிறுவனங்கள் விற்கும் சிடியில் 'காலபிள்' என்று இருந்தால் வட்டி இறங்கும்போது அவர்களே பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துவிடலாம், அதனால் அது ஏணிக்கு உதவாது.

முதிர்வு தேதியை மட்டும் மறக்காதீர்கள். முதிர்ந்த பிறகு வாரம், பத்து நாள்தான் அவகாசம். விட்டால் அன்றைய வட்டிக்கு அதே காலத்துக்குத் தானாகப் புதுப்பித்துவிடுவார்கள், பணம் மறுபடி பூட்டப்பட்டுவிடும். நான் ஐந்து தேதியையும் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வரும் அக்டோபரில் நான்காவது படி முதிர்கிறது. அதை மறுபடி போடப் போவதில்லை. மகள் கல்லூரிக்குப் போகிறாள், விடுதிக் கட்டணத்துக்கு அந்த ஆறாயிரம். அவளே அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள்.